வண்டிக்கு வந்தவர்

ரொட்டி வண்டி ஏலத்தில் போன அன்றைக்குத்தான் தோலோனின் போனும் வாயை மூடிக்கொண்டது. அதுவரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதன். வடக்கே ரஷ்யக் காட்டில் மரம் அறுக்கப் போயிருந்தான். கூப்பிட்டால் முதலில் மகளைக் கேட்பான், அப்புறம் பசுவைக் கேட்பான், கடைசியில்தான் பெண்டாட்டியைக் கேட்பான். புருல் அதற்காக அவனைத் திட்டாத நாளில்லை. இப்போது அந்தப் பசுவையாவது கேட்க மாட்டானா என்று இருந்தது அவளுக்கு.

வண்டியை விற்கச் சொன்னதே அவன்தான். 'சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போகும், பனி விழறதுக்குள்ள தள்ளி விட்டுருங்க' என்றான். அச்சில் வார்த்த ரொட்டி மாதிரி முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும் பழைய சாம்பல் நிற வேன், அதனால்தான் அந்தப் பேர். கோடையில் ஆடுகளையும் கூடாரத்தையும் மேய்ச்சல் மலைக்கு ஏற்றும். மலை இறங்கியதும் வைக்கோல் சுமக்கும். சாரிபுலாக் ஊரின் பாதிக் குழந்தைகள் அதில் ஏறித்தான் நாரின் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தன. தோலோனின் தங்கை சிர்கா அதைத் துடைத்துப் படம் பிடித்து ஆன்லைன் ஏலத்தில் போட்டாள். விலை ஏறிக்கொண்டே வந்து, ஏரிக்கரைப் பக்கம் தேனீ வளர்க்கும் கெனேஷ் என்பவர் பேரில் நின்றது. அண்ணியும் நாத்தனாரும் கையைத் தட்டினார்கள், விவரம் புரியாமல் மகள் குட்டி நாசிக்கும் சேர்ந்து தட்டினாள். சிர்கா அந்தச் சேதியை அண்ணனுக்கு அனுப்பினாள். அது போய்ச் சேரவேயில்லை.

அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. அந்த வாரமே போய்விட்டது.

எருக்கட்டிகளைக் கொட்டிலுக்குள் அடுக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்டுப்பட்டியில் மிதிபட்டு இறுகியதை வசந்தத்தில் வெட்டிக் காயப்போட்டது. பனிக்கு முன்னால் உள்ளே ஏற்றாவிட்டால் குளிர்காலம் முழுக்க அடுப்பு புகையும். சிர்கா எடுத்துக் கொடுக்க, புருல் அடுக்கினாள். மேற்கே மலை முதுகில் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது. கொட்டிலின் வெளிச்சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கம்பளிக் காலுறை, காலுறைக்குள் போன். வீட்டில் அந்த ஒரே இடத்தில்தான் டவர் கிடைக்கும். நாலு கட்டி அடுக்குவதற்குள் புருல் ஒருமுறை வெளியே போய்க் காலுறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"டவர் இல்லாத காட்டுக்கு மாத்தியிருப்பாங்க அண்ணி. அவ்வளவுதான்."

"மாத்தினா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டாரா?"

"யாரு, எங்கண்ணனா? கல்யாணத்துக்கு மறுநாளே உங்ககிட்டச் சொல்லாம மீன் பிடிக்கப் போன ஆளு."

புருலுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தாள்.

"சிர்கா, நாம பெரிய தப்புப் பண்ணிட்டோம்டி. ஆம்பள வெளியூர் போயிருக்கறப்ப அவன் ஏறுற குதிரைய யாராவது விப்பாங்களா? எந்த வீட்டுல அப்படிக் குதிரை கை மாறும்? சொல்லு."

ஏறினவன் செத்துப்போன வீட்டில்தான் என்று சிர்காவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், "அது குதிரை இல்ல அண்ணி, வண்டி" என்றாள்.

"உங்கண்ணன் எதுல ஏறினாரு? குதிரையிலயா ஏறினாரு? ஒரு கழுதைய வித்தாக்கூடக் கழுத்துக் கயித்த அவுத்து வச்சுக்கிட்டுத்தான் குடுப்போம், வீட்டு அதிர்ஷ்டம் கூடப் போயிரக் கூடாதுன்னு. இதுல எத அவுத்து வச்சோம்? சாவிக்கயிறு வரைக்கும் படம் புடிச்சுப் போட்டுட்ட."

"அண்ணன்தானே விக்கச் சொன்னுச்சு?"

"அவருக்கு என்ன தெரியும்? ஏலம் முடிஞ்ச நிமிஷத்துல அவரு பேச்சு நின்னு போச்சு. எனக்குப் பயமா இருக்குடி." கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். "வேணாம். வண்டி எங்கயும் போகக் கூடாது. ஏலத்த நிறுத்து."

சிர்கா போனை எடுத்து வந்து சுவரோரம் குந்தினாள். அதன் மேல் குனிந்து கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா நிறுத்த விடாது போல. காரணம் கேக்குது. வண்டி பழுதுன்னா மெக்கானிக் சீட்டு வேணுமாம். மனசு மாறிட்டுதுன்னா அபராதமாம், வாங்கினவர் கோர்ட்டுக்குப் போலாமாம். இன்னொண்ணு இருக்கு. அதுக்குச் சீட்டும் வேணாம், அபராதமும் இல்ல."

"அப்ப அத அமுக்கு. என்னது அது?"

சிர்கா தயங்கினாள். "உரிமையாளர் காலமாகிவிட்டார்."

புருல் எழுந்த வேகத்தில் அடுக்கியிருந்த வரிசை சரிந்தது. "வாயக் கழுவுடி! போய் முதல்ல வாயக் கழுவு! அபராதம்னா அபராதம், கோர்ட்டுன்னா கோர்ட்டு. வேற எதையாவது அமுக்கித் தொல."

சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள். கறந்து முடித்து வரும்போது சிர்கா போனைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது அண்ணி. ரத்து ஆயிருச்சு."

"எத அமுக்கின?"

"ஏதோ ஒண்ணு. மெஷின்தானே, அது என்ன நேர்லயா வந்து பாக்கப் போகுது?" என்று பால் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேறு நாளாக இருந்தால் புருல் அந்த முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். அவளுக்கு அன்றைக்கு யார் முகமும் கண்ணில் படவில்லை.

இப்போது அவளுக்குப் பயம் இரண்டாயிற்று. ஒன்று வடக்கே. இன்னொன்று ஏரிக்கரையில். கெனேஷ் ஏலம் எடுத்த அன்றே குரலில் ஒரு சேதி அனுப்பியிருந்தார். கரகரத்த பெரிய குரல். 'ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன். அதுவரைக்கும் வண்டிய யாரும் தொட வேணாம்.' அப்போது கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. இப்போது போட்டுக் கேட்டால் மிரட்டல் மாதிரி இருந்தது. ரத்தானதற்கு அவரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பக்கத்து வீட்டு உல்கான் தன் பங்குக்கு வந்து கிளறிவிட்டாள். ஊரில் யார் வீட்டு அடுப்பு புகைந்தாலும் முதலில் மூக்கை நீட்டுகிறவள். ஆபத்து என்றால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான்.

"என் அக்கா ஊர்ல இப்படித்தான் ஒருத்தன் டிராக்டர் தர்றேன்னுட்டு இல்லேன்னுட்டான். வாங்க வந்தவன் நாலு தடியனுங்களோட வந்து, டிராக்டர் இல்லேன்னா இதுன்னு வெளிக்கதவக் கழட்டித் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அக்கா, சும்மா இருங்க."

"நான் என்ன இல்லாததயா சொல்றேன்? ஆம்பள இல்லாத வீடு. சாவிய எங்க வச்சிருக்க?"

"மாவுப் பானைக்குள்ள."

"அடியில தள்ளி வை."

புருல் அடியில் தள்ளி வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலமே வெளிக்கதவுக்கு உள்பக்கம் உழவுக் கட்டையை முட்டுக் கொடுத்தாள். நாசிக்கை வாசலில் விளையாட விடவில்லை.

ஞாயிறு காலை பனி கொட்டியது. அந்த வருஷத்து முதல் பனி, காற்றில்லாமல் நேராக இறங்கியது. வண்டி முற்றத்தில் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. அது அப்படி மூடிக்கொண்டு நிற்பது புருலுக்குப் பிடிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துப்போய் அதன் முகத்தை மட்டும் துடைத்துவிட்டு வந்தாள். பிறகு அடுப்பில் தேநீருக்குப் பாலும் உப்பும் போட்டுக் கரண்டியால் ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டது.

முதலில் நாய் என்று நினைத்தாள். தெருமுனையிலிருந்து வந்தது. பிறகு அது ஒரு ஆண் வாய்விட்டு அழுகிற குரல் என்று தெரிந்தது.

"தம்பீ... என் சிங்கமே... முகம் பாக்காமலே போயிட்டியே என் தம்பீ..."

அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் இழவு வீட்டுக்குச் சும்மா நடந்து வர மாட்டான். தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கி, வாசல்வரை அழுதுகொண்டேதான் வருவான். கேட்டதும் உள்ளே இருக்கிற பெண்கள் ஒப்பாரி எடுக்க வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் வாசலை நோக்கி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தள்ளாடிக்கொண்டு வந்த அந்தக் குரல், மூன்று வீட்டைத் தாண்டியது, உல்கான் வீட்டைத் தாண்டியது, புருலின் கதவில் வந்து மோதியது.

கரண்டி கையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியாது. அடுப்போரம் அப்படியே உட்கார்ந்தாள். சிர்கா சுவரோடு சுவராக நின்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

அழுகைச் சத்தத்துக்கு அந்த ஊரில் யாரும் செருப்புக்கூடத் தேட மாட்டார்கள். உல்கான்தான் முதலில் பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். வரும்போதே முக்காட்டை இறக்கிக்கொண்டு, "ஐயோ என் கொழுந்தனே, கல்லு மாதிரி இருந்தவனே" என்று எடுத்துவிட்டாள். பின்னால் இன்னும் பெண்கள். யாரோ உழவுக் கட்டையை நகர்த்திக் கதவைத் திறந்தார்கள். யாரோ நாசிக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உல்கான் புருலுக்கு முன்னால் மண்டியிட்டு, அழுதுகொண்டே, அவள் காதிலிருந்த வெள்ளித் தோட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

அந்த விரல் பட்டதும்தான் புருலுக்கு உயிர் வந்தது. உல்கானின் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க."

"அழுதுரு புருல். வாய்விட்டு அழு கண்ணு. அடக்கினா நெஞ்சு வெடிச்சுரும்."

"நான் அழ மாட்டேன். யாரு சொன்னா? எங்க, எப்ப? யாரு பாத்தாங்க? அத முதல்ல சொல்லுங்க. சொல்லாம ஒரு சொட்டு அழ மாட்டேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய உடம்புக்காரர் நின்றுகொண்டிருந்தார். தாடியில் பனியும் கண்ணீரும் ஒன்றாக ஒழுகிக்கொண்டிருந்தன. கையிடுக்கில் ஒரு தகர டின். அவளைப் பார்த்ததும் தொப்பியை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார்.

"தங்கச்சி, திடமா இரு. நான் யாருன்னு உனக்குத் தெரியாது. தம்பியோட போன்லதான் பழக்கம். ரெண்டு தடவை பேசியிருக்கேன். நல்ல குரல் அவனுக்கு."

"அண்ணே, உங்களுக்கு யாரு சொன்னது? ஆளு பேரச் சொல்லுங்க."

அவர் விழித்தார். "யாரு சொல்றது? நீங்கதானே சொன்னீங்க?"

"நானா?"

"உங்க வீட்டுலேருந்துதானே வந்துச்சு? நான் கெனேஷ், வண்டி எடுத்தவன். கிளம்பறப்போதான் போனப் பாக்கறேன், உரிமையாளர் காலமாகிட்டாரு, ஏலம் ரத்துன்னு வந்து கெடக்கு. வண்டி இல்லேன்னு ஆனப்புறம் எதுக்குப் போகணும்னு பெண்டாட்டி கேட்டா. வண்டிக்குன்னா போவேன், சாவுக்குன்னா போக மாட்டேனா, நான் மனுசனான்னு கேட்டுட்டுக் கிளம்பி வந்தேன்." டினைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "தேன். சாவு வீட்டுக்கு வேற என்ன கொண்டு வர்றதுன்னு தெரியல."

எடுத்த ஒப்பாரியை இறக்கத் தெரியாமல் உல்கான் வாயைத் திறந்தபடி நின்றாள். எல்லோரும் சிர்காவைப் பார்த்தார்கள். அவள் படியில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"அதுக்கு மட்டுந்தான் சீட்டு கேக்கல," என்றாள் உள்ளேயிருந்து. "கோர்ட்டு வேணாம்னுதான்... மெஷின்தானேன்னு... அவரு அழுதுகிட்டு வருவாருன்னு நான் கண்டேனா?"

உல்கான் போய் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். எடுத்த கண்ணீரை எங்காவது விட்டாக வேண்டுமே.

கெனேஷ் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். "உயிரோட இருக்கற மனுசனையா நான் தெரு முழுக்க அழுதுட்டு வந்தேன்?"

"அழுதா ஆயுசு கூடும்பாங்க," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"கூடட்டும்மா. ஆனா என் வாயால வந்துதே. அத எப்படித் திரும்ப எடுத்துக்கறது?"

அதற்குள் இன்னொரு காரியமும் ஆகிவிட்டிருந்தது. அழுகை கேட்டவுடன் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் போனில் இருக்கும் ஊர்க் குழுவில், 'நம் தோலோன் மறைந்தான்' என்று போட்டுவிட்டான். வடக்கே வேலைக்குப் போன சாரிபுலாக் ஆண்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். அவனைப் பிடித்து அழிக்கச் சொன்னார்கள். அழித்தான். படித்தவர்கள் படித்தாயிற்று.

பெண்கள் ஒவ்வொருவராக, என்ன சொல்வதென்று தெரியாமல், புருலின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். போகிறபோது சிலர் சிரித்துக்கூடப் பார்த்தார்கள். புருலுக்குச் சிரிக்க எதுவுமில்லை. சேதி பொய், சரி. ஆனால் தோலோன் எங்கே? மெஷினுக்குச் சிர்கா சொன்னாள், மெஷின் இவருக்குச் சொன்னது, இவர் ஊருக்குச் சொன்னார். இத்தனை வாய் சொன்ன பிறகு அது பொய்யாகவே இருந்துவிடுமா? ஒருவேளை முன்னாலேயே நடந்து, யாருக்கும் தெரியாமல் காட்டில் கிடந்து, இப்படிச் சுற்றிவளைத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த சேதிதானோ இது? அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு வாய் ஆகிவிடும்.

ஏரிக்கரைக்குப் போகிற மலைக் கணவாய் பனியில் அடைபட்டுவிட்டது. கெனேஷால் திரும்பிப் போக முடியவில்லை. போக மனமும் இல்லை. உல்கான் வீட்டுக்காரரோடு தங்கினார். மறுநாள் காலையில் பார்த்தால் கொட்டிலில் சரிந்து கிடந்த எருக்கட்டிகளை அவரே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணே. விருந்தாளி வேலை செய்யறதா?"

"விருந்தாளி இல்ல தங்கச்சி. கெட்ட சேதி கொண்டு வந்தவன். சும்மா உக்கார முடியல."

புருல் கிண்ணத்தில் தேநீரும், பொரித்த மாவுத் துண்டும், அவர் கொண்டுவந்த தேனிலிருந்தே கொஞ்சமும் வைத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் குடித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? வண்டிய ஏன் குடுக்க மாட்டேன்னுட்ட? வெலை பத்தலையா?"

புருல் சொன்னாள். ஏலம் முடிந்த அன்றைக்கே பேச்சு நின்றதையும், குதிரையையும், கழுத்துக்கயிற்றையும். வேறு யாராவதாக இருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நானே ஏலத்துலேருந்து வெலகியிருப்பேனே."

"எப்படிண்ணே சொல்றது? வாயில எடுக்கற வார்த்தையா அது?"

அவர் தன் போனை எடுத்துத் தடவி அவள் காதருகே நீட்டினார். தோலோனின் குரல். ஏலம் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு அனுப்பியது. 'அண்ணே, குளிர்ல அது மக்கர் பண்ணும். திட்டாதீங்க. திட்டினா அன்னிக்கு முழுக்க நகராது. எம் பெண்டாட்டி மாதிரி. கொஞ்சம் தடவிக் குடுத்துப் பேசினீங்கன்னா கிளம்பிரும்.' பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

புருல் இன்னொரு தடவை போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். கண் எரிந்தது. ஆனால் விடவில்லை. அழுதால் நேற்று அழுதவர்களோடு அதுவும் சேர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஆணியில் தொங்கிய காலுறை அதிர்ந்தது.

சிர்கா வைக்கோலோடு அப்படியே நின்றுவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் உல்கானின் தலை தெரிந்தது. காலுறை சுவரில் முட்டி முட்டி ஆடியது. புருல் போய் எடுத்தாள். தெரியாத நம்பர். வடக்கத்திய நம்பர். உடம்பைக் கொண்டு போக யாராவது வர முடியுமா என்று கேட்கிறவர்களும் தெரியாத நம்பரிலிருந்துதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் கீழ்த்தெருவில் அப்படித்தான் வந்தது.

"எடு தங்கச்சி," என்றார் கெனேஷ், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

எடுத்தாள். ஹலோ சொல்ல வாய் வரவில்லை.

"புருல்! புருல், நீயா? பேசு! நாசிக் எங்க? நாசிக் நல்லா இருக்காளா?"

அவன்தான். மூச்சு வாங்குகிற குரல்.

"இருக்கா," என்றாள்.

"சிர்கா?"

"இருக்கா."

"அப்ப யாரு? புது எடத்துல டவரே கெடையாது. லாரிக்காரன்கிட்டச் சொல்லி விட்டேன், அந்தக் குடிகாரன் சொன்னானா இல்லையா தெரியல. இன்னிக்குப் பொழுது விடியறதுக்குள்ள நம்மூரு ஆசிம் மர டிப்போலேருந்து வண்டி எடுத்துக்கிட்டு வந்து என்னப் பாத்து பேயறஞ்ச மாதிரி நிக்கறான். தொட்டுத் தொட்டுப் பாக்கறான். கேட்டா, உன் வீட்டுல அழுகை நடந்துது, நீயே கேட்டுக்கோன்னு டவர் இருக்கற எடத்துல கொண்டாந்து எறக்கி, அவன் போனக் கையில திணிச்சுட்டு ஓடிட்டான். வழியெல்லாம் என் உசுரு என்கிட்ட இல்ல. எதையும் மறைக்காத. நான் தாங்கிக்குவேன். யாரு செத்தது? சொல்லு புருல், யாரு?"

புருல் கொட்டில் சுவரில் சாய்ந்தாள். எதிரில் கெனேஷ் இரண்டு கையையும் வானத்துக்கு விரித்து வைத்துக்கொண்டு நின்றார். சிர்கா வைக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"நீங்கதான்," என்றாள்.

தோலோன் மெதுவாகக் கேட்டான்.

"சரி... அப்ப வண்டி?"

புருல் பனியில் மண்டி போட்டு உட்கார்ந்து, போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, முந்தின நாள் அழ மறுத்த அழுகையை எல்லாம் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள்.